லைப்ரரியில இருக்கேம்ப்பா!

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. வாட்ஸப்ல பெரியப்பா பேரன் கூப்பிட்டான். ஏப்ரல்லதான் ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போனான். அதுவும் நான் படிச்ச அதே ஸ்டுட்கார்ட்டுக்கு.

"சித்தப்பா, பசங்களோட ஹைடல்பெர்க் வந்திருக்கேன். அப்பா கேட்டா ரூம்ல பரீட்சைக்குப் படிக்கிறேன்னு சொல்லிருங்க."

பின்னாடி ரயில்வே அறிவிப்பு கணீர்னு கேக்குது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. நான் அங்க இருந்தப்ப சொன்ன அதே பொய், அதே பின்னணி இசையோட! பரம்பரை வியாதி போல. சரி, கொசுவத்தியை ஒரு சுத்து சுத்திட வேண்டியதுதான்.

எங்க ஊரு சுருளிப்பட்டி. கம்பத்துல இருந்து சுருளி அருவிக்குப் போற வழியில ரெண்டு பக்கமும் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டு, பன்னீர் திராட்சை தொங்கும் பாருங்க, அந்த ஊருதான். குமுளி, தேக்கடி வர்ற டூரிஸ்டெல்லாம் இங்கிட்டு எட்டிப் பாத்து, பந்தலுக்குள்ள குனிஞ்சு நின்னு போட்டோ எடுத்துட்டுப் போவாங்க. எங்களுக்கு அது வேடிக்கையா இருக்கும். 'இதுல என்னத்தைக் கண்டாங்க'ன்னு அம்மா சிரிக்கும்.

2007 அக்டோபர்ல நான் ஸ்டுட்கார்ட் கிளம்பினேன். ஜெர்மனியில அரசாங்கப் பல்கலைக்கழகத்துல பெருசா ஃபீஸ் கிடையாதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. ஆனா என் நேரம், அந்த வருஷந்தான் அந்த மாநிலத்துல செமஸ்டருக்கு 500 யூரோ வாங்க ஆரம்பிச்சாங்க (2012ல எடுத்துட்டாங்க, நான் படிச்சு முடிச்சு வந்தப்புறம்... ஹும்). அது போக விசாவுக்காக ஒரு வருஷச் செலவை முன்கூட்டியே பேங்க்ல போட்டுக் காட்டணும். நம்ம பணத்துல நாலு லட்சம் பக்கம். அப்பா தோட்டத்தை வச்சுத்தான் அதைப் புரட்டினாரு. "படிச்சுட்டு வா, மத்ததை நான் பாத்துக்குறேன்"னு ஒரே வரி. அந்த ஒரு வரிதான் ரெண்டு வருஷமும் என் கழுத்துல கெடந்துச்சு.

இப்ப வாரக்கடைசி விஷயத்துக்கு வருவோம்.

அந்தக் காலத்துல ஜெர்மன் ரயில்வேயில ஒரு டிக்கெட் இருந்துச்சு. ஷோனஸ் வோகனண்டே டிக்கெட். தமிழ்ல சொன்னா 'இனிய வாரக்கடைசி டிக்கெட்'. 1995ல 15 மார்க்குக்கு ஆரம்பிச்சது. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அஞ்சு பேர் ஊர் சுத்தலாம்னு அப்ப அள்ளிக் குடுத்திருக்காங்க. நாங்க போனப்ப ஒரு நாளைக்கு மட்டுந்தான் செல்லும். ஆனாலும் அஞ்சு பேர் பங்கு போட்டா ஆளுக்கு ஏழு யூரோ சொச்சம். நாடு முழுக்க எங்க வேணா போகலாம். ஒரே நிபந்தனை, வேகமா போற ஐசிஇ, ஐசி வண்டியில ஏறக்கூடாது. ஊர் ஊரா நின்னு போற வண்டி மட்டுந்தான். நமக்கென்ன, கம்பம் டு மதுரை பஸ்ஸுல போன உடம்பு, தாங்காதா?

எங்க செட்டு அஞ்சு பேரு. நான், திருச்சிக்காரன், சேலத்துக்காரன், ஹைதராபாத்துக்காரன் ஒருத்தன், அப்புறம் யாழ்ப்பாணத்துப் பையன். அவன் அங்கேயே வளந்தவன், அவன் ஜெர்மன் பேசினா வெள்ளைக்காரனே திரும்பிப் பாப்பான். அஞ்சுல ஒருத்தன் கழண்டாலும் பங்கு ஏறும். அதனால காய்ச்சல்னு படுத்தவனையெல்லாம் எழுப்பி இழுத்துட்டுப் போயிருக்கோம். அப்படியும் ஆள் குறைஞ்சா பிளாட்பாரத்துல நின்னு, அதே வழியில போறவங்க யாராவது சேர்ந்துக்கிறாங்களான்னு கேப்போம். அது அங்க சகஜம். ஒரு தடவை ஒரு பாட்டி சேர்ந்துச்சு. பங்குக் காசை எண்ணிக் குடுத்துட்டு, எங்க எலுமிச்சை சாதத்துல ரெண்டு ஸ்பூன் ருசி பாத்துட்டு, "காரம்"னு கண்ணுல தண்ணியோட சிரிச்சுச்சு. எறங்கும்போது பையில இருந்த ஆப்பிள் கேக்கை எங்ககிட்ட குடுத்துட்டுப் போயிருச்சு.

சனிக்கிழமை ராத்திரியே ஹாஸ்டல் கிச்சன்ல எலுமிச்சை சாதம், புளிசாதம் கட்டிருவோம். வெளிய காசு குடுத்துச் சாப்பிடறது கிடையாது. அந்த ஊர்ல காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில திருப்பிக் குடுத்தா 25 சென்ட் தருவாங்க. வழியில கெடக்கறதையெல்லாம் பொறுக்கிச் சேத்து ஒரு நாள் காப்பிக் காசு தேத்தின வீர வரலாறு எங்களுக்கு உண்டு.

இப்படியே உல்ம் போனோம். அப்ப உலகத்துலயே உயரமான சர்ச் கோபுரம் அங்கதான், 161 மீட்டர், 768 படி. பாதியில சேலத்துக்காரன் உக்காந்துட்டான், "முருகன் கோயில்னாகூட இவ்வளவு ஏற மாட்டேன்டா"ன்னு. யாழ்ப்பாணத்துப் பையன் கூப்பிட்டான்னு ஹாம் காமாட்சி அம்மன் கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போனோம். ஈழத்து மக்கள் கட்டின கோயில், 2002ல கும்பாபிஷேகம் ஆச்சு. ஜெர்மனி ரோட்டுல தேர் வருது, தேங்காய் உடையுது, எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. ரைன் நதிக்கரையில ரூடஸ்ஹைம் போனோம். மலைச்சரிவு முழுக்கத் திராட்சை. அங்க நின்னு நான் போட்டோ எடுத்தேன், எங்க ஊர் டூரிஸ்ட் மாதிரியே!

இதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வீட்டுக்குப் போன் பண்ணணும். அப்பதான் அப்பா தோட்டத்துல இருந்து வந்து, குளிச்சு, சாப்பிட்டு உக்காந்திருப்பாரு. நான் அந்நேரம் ஏதாவது வண்டியில இருப்பேன்.

"எங்கப்பா இருக்க?"

"லைப்ரரியில இருக்கேம்ப்பா."

சரியா அந்த நேரத்துக்குத்தான் அறிவிப்பு வரும், அடுத்த ஸ்டேஷன் இன்னாருன்னு.

"லைப்ரரியில ஏதோ பொம்பளை பேசுது?"

"அது... மூடப் போறாங்கன்னு சொல்லுதுப்பா."

எதிர் சீட்டுல நாலு தடியனுகளும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பானுக. நானும் சிரிப்பேன். ஆனா போனை வச்சப்புறம் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு இருப்பேன். ஏழு யூரோன்னா நானூறு ரூபாய்க்கு மேல. தோட்டத்துல ஒரு ஆள் கூலியை விட அதிகம். அதைச் செலவு பண்ணி, கோபுரத்துல ஏறி எறங்கினேன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது?

2008 நவம்பர்ல ஃபூஸன் போனோம். டிஸ்னி படத்துல வர்ற மாதிரி அந்த வெள்ளைக் கோட்டை இருக்குல்ல, நாய்ஷ்வான்ஸ்டைன், அங்க. உள்ள போக டிக்கெட் எடுக்கல, வெளிய நின்னு பாத்ததோட சரி. அன்னைக்குத்தான் நான் பனி விழறதை மொத மொத பாத்தேன். சின்னப் பசங்க மாதிரி உருண்டோம். திரும்பி வர்றப்ப வண்டியில இருந்து போன் போட்டேன்.

"லைப்ரரியில இருக்கேம்ப்பா. வெள்ளாமை எப்படி?"

"நல்லாருக்குப்பா. வியாபாரி வந்து எடை போட்டுட்டுப் போயிட்டாரு. நல்ல வெல. நீ படி."

எனக்கு ரொம்ப நிம்மதி. 'அப்பாடா, வட்டி கட்டிருவாரு'ன்னு நெனச்சுக்கிட்டேன்.

பனியில உருண்ட போட்டோவையெல்லாம் ஆர்குட்ல போட்டேன். என் கெட்ட நேரம், சித்தப்பா மகன் கம்பத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல வேலை பாத்தான். உரம் வாங்கக் கம்பம் போன அப்பாவை உள்ள கூட்டிப் போயி, "பெரியப்பா, அண்ணனைப் பாருங்க"ன்னு ஒண்ணு விடாம காட்டிட்டான். பாசக்காரப் பய! கோட்டை, கோபுரம், தேர், திராட்சைச் சரிவு, எல்லாம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை போன் பண்ணவே கை நடுங்குச்சு. அப்பா எடுத்தாரு. வையப் போறாருன்னு காதைத் தள்ளி வச்சுக்கிட்டேன்.

"ஏப்பா, அந்தத் திராட்சைத் தோட்டத்துல ஏன் பந்தல் போடாம குச்சியில கட்டியிருக்கானுக?"

அவ்வளவுதான் கேட்டாரு!

எனக்கு நெசமாவே பதில் தெரியல. ரெண்டு நாள் தேடிப் படிச்சு அடுத்த வாரம் சொன்னேன். நம்மூர்ல வெயில் மண்டையைப் பொளக்குது, பந்தல்ல இலை மேல படர்ந்து பழத்துக்கு நெழல் குடுக்குது. அங்க வெயிலுக்கே பஞ்சம். அதான் தெக்குப் பாத்த சரிவாப் பாத்து, வரிசை வரிசையா நிக்க வச்சு, கெடைக்கிற வெயிலையெல்லாம் புடிக்கிறாங்க. குளிர்காலத்துல கவாத்து, செப்டம்பர் அக்டோபர்ல அறுப்பு, வருஷத்துக்கு ஒரே தடவைதான்.

"வருசத்துக்கு ஒரு வெள்ளாமைதானா?"

"ஆமாப்பா."

"பாவம்யா."

ஜெர்மன்காரனைப் பாத்துப் பரிதாபப்பட்ட ஒரே ஆள் எங்கப்பாவாத்தான் இருக்கும். கம்பம் பள்ளத்தாக்குல வருஷம் பூரா எங்கயாவது ஒரு தோட்டத்துல அறுப்பு நடந்துக்கிட்டே இருக்கும்ல. கவாத்து பண்ணி நாலு மாசத்துல பழம். அந்தத் தெனாவெட்டு!

அதுக்கப்புறம் லைப்ரரி பொய் கிடையாது. "இந்த வாரம் எங்க போன?"ன்னு அவரே கேப்பாரு. ஒரு நாள், "ஏப்பா, நம்ம பழத்துக்கு மஸ்கட் ஹாம்பர்க்னு பேராம். விவசாயக் கூட்டத்துல ஆபீசர் சொன்னாரு. ஹாம்பர்க்குங்கறது ஒங்க ஊர்லதானே இருக்கு? ஒரு எட்டுப் போயி அங்க எப்படி வெளையுதுன்னு பாத்துட்டு வா"ன்னாரு.

எங்கப்பா என்கிட்ட கேட்ட ஒரே வெளிநாட்டுப் பொருள் அதுதான். செண்டு வேணாம், வாட்ச் வேணாம். பாத்துட்டு வந்து சொல்லணும், அவ்வளவுதான்.

ஸ்டுட்கார்ட் தெக்கே, ஹாம்பர்க் வடக்கே. ஐசிஇல அஞ்சு மணி நேரச் சொச்சம். எங்க டிக்கெட்டுல பன்னெண்டு மணி நேரம் பக்கம். 2009 மே மாசம் ஒரு சனிக்கிழமை விடியாத நேரத்துல கிளம்பினோம். ஹைடல்பெர்க், ஃபிராங்க்ஃபர்ட், காஸல், கோட்டிங்கன், ஊல்ஸன்னு மாறி மாறி, ஓடி ஓடி ஏறினோம். ஊல்ஸன் ஸ்டேஷன் மட்டும் கண்ணுலயே நிக்குது. ஹுண்டர்ட்வாசர்னு ஒரு கலைஞர் வடிவமைச்சது, தூணெல்லாம் கலர் கலரா, ஒண்ணு கூட நேரா இருக்காது. ராத்திரி ஹார்பர்க்ல திருச்சிக்காரனோட நண்பனோட நண்பன் ரூம்ல தரையில படுத்தோம். மூணு பேர் படுக்கற எடத்துல ஆறு பேரு.

காலையில துறைமுகம் போனோம். 1911ல ஆத்துக்கு அடியில தோண்டின சுரங்கத்துல நடந்து அக்கரைக்குப் போயி ஊரைப் பாத்தோம். கப்பல், கிரேன், செங்கல் கட்டடம்... எல்லாம் இருக்கு, திராட்சையைக் காணோம். கேட்டவங்கள்லாம் சிரிச்சாங்க. "இங்க ஆப்பிள்தான் வெளையும், ஆத்தங்கரைக்கு அங்கிட்டுப் போங்க"ன்னாங்க. காத்து வேற குளிரக் குளிர அடிக்குது. இந்தக் குளிர்ல பன்னீர் திராட்சையான்னு அப்பதான் எனக்கே ஒறைச்சுது.

துறைமுகத்துக்கு மேல ஸ்டின்ட்ஃபாங்னு ஒரு மேடு. யூத் ஹாஸ்டல் இருக்கு, அங்கிருந்து பாத்தா துறைமுகம் மொத்தமும் தெரியும். அலுத்துப் போயி அங்க உக்காந்தோம். கீழ சரிவைப் பாத்த யாழ்ப்பாணத்துப் பையன், "டேய், இஞ்ச பார்!"னு கத்தினான்.

திராட்சைக் கொடி! நூறு கொடி இருந்தா அதிகம். எங்க தோட்டத்துல ஒரு மூலைக்குக் காணாது. ஆனா திராட்சை. எனக்குக் கை கால் ஓடல. அங்க இருந்த ஒரு பெரியவர்கிட்ட அவன் ஜெர்மன்ல விசாரிச்சான். கேட்டுட்டு எங்களைப் பாத்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். இது ஹாம்பர்க் கொடியே இல்லையாம். ஸ்டுட்கார்ட் திராட்சைக்காரங்க தொண்ணூறுகள்ல ஹாம்பர்க்குக்குப் பரிசாக் குடுத்துட்டுப் போனதாம்!

பன்னெண்டு மணி நேரம் வண்டி மாறி வந்து, எங்க ஊர்க் கொடியையே பாத்துட்டுப் போறோம். நொந்து நூடுல்ஸ் ஆயிட்டோம். அப்பாகிட்ட சொன்னப்ப அவரும் சிரிச்சாரு. "பேருதான் ஹாம்பர்க்காக்கும்... மதுரையில கூடத்தான் திண்டுக்கல் பூட்டு விக்குது"ன்னாரு.

படிப்பு முடிஞ்சு, 2010 பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். ஒரு நாள் அம்மா அடுப்படியில பேச்சுவாக்குல சொல்லிச்சு, "அந்த வருசம் தீபாவளிக்கு அப்புறம் பேஞ்ச மழையில மொத்தப் பழமும் வெடிச்சு அழுகிப் போச்சேப்பா. வியாபாரி எட்டிக் கூடப் பாக்கல. என் வளையலை வச்சுத்தான் வட்டி கட்டுனோம்."

எந்த வருஷம்னு கேட்டேன். 2008. நவம்பர்.

நான் பனியில உருண்டுக்கிட்டிருந்த அதே வாரம். நான் "லைப்ரரியில இருக்கேம்ப்பா"ன்னேன், அவரு "நல்ல வெலப்பா"ன்னாரு. ஒரே போன்ல ரெண்டு பேரும் பொய் சொல்லியிருக்கோம். அவர் பொய் எனக்காக. என் பொய்யும் அவருக்காகன்னுதான் அன்னைக்கு வரைக்கும் நெனச்சுக்கிட்டிருந்தேன். இல்ல, அது எனக்காகத்தான். வெளியில போயி வாய்க்கால் வரப்புல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்பாகிட்ட இதைப் பத்தி நான் கேக்கவும் இல்ல, அவர் சொல்லவும் இல்ல.

2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கெடைச்சுது. ஊரே சந்தோசப்பட்டுச்சு. அந்த ஆர்வத்துல ஒரு ராத்திரி உக்காந்து மஸ்கட் ஹாம்பர்க் பத்தித் தேடிப் படிச்சேன். இங்கிலாந்துல உருவான ரகமாம் அது. மரபணுவைச் சோதிச்சுத் தாய் தகப்பனையும் கண்டுபிடிச்சிருக்காங்க. ஒண்ணு மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா, அந்த வாசனை அதுல இருந்து வந்தது. இன்னொண்ணு ஸ்கியாவா கிராஸா. இங்கிலாந்துக்காரங்க அதை பிளாக் ஹாம்பர்க்னு சொல்வாங்க. லண்டன் பக்கம் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில 1768ல நட்ட அந்தக் கொடி ஒண்ணு இன்னும் காய்க்குதாம். ஜெர்மன்காரங்க அதுக்கு வச்ச பேரு டிரோலிங்கர்.

டிரோலிங்கர்!

ஸ்டுட்கார்ட்ல இருந்தவங்களுக்குத் தெரியும், அந்த ஊரோட சொந்தத் திராட்சையே அதுதான். உல்முக்கும் ஃபூஸனுக்கும் போறப்பல்லாம் உன்டர்டுர்க்ஹைம் பக்கம் வண்டி ஜன்னல்ல வரிசை வரிசையாத் தெரிஞ்ச சரிவுல நின்னது அதுதான். போன் பேசி முடிச்சிட்டு முகத்தைத் திருப்பி வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேனே, அந்தச் சரிவு. எங்க தோட்டத்துக் கொடியைப் பெத்தது அங்க நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்திருக்கு. நான் ஹாம்பர்க் வரைக்கும் போயிட்டு வந்திருக்கேன்!

இதை ஏனோ அப்பாகிட்ட சொல்லாமலே விட்டிருந்தேன். அதான் போன மாசம் பய போன் பண்ணப்ப ஒரு பேரம் பேசினேன். "நான் பொய் சொல்ல மாட்டேன். நீயே உங்கப்பாகிட்ட சொல்லிரு. வைய மாட்டாரு. வஞ்சாலும் பரவாயில்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை ரோட்டன்பெர்க் மேட்டுக்குப் போயி, டிரோலிங்கர் கொடியில எலை, காய், தண்டு எல்லாத்தையும் கிட்டத்துல போட்டோ எடுத்துத் தாத்தாவுக்கு அனுப்பு."

அவனுக்கு அந்த அஞ்சு பேர் டிக்கெட் தெரியாது. 2019லயே நிறுத்திட்டாங்க. 2023 மே மாசத்துல இருந்து ஆளுக்கொரு மாசச் சீட்டு வந்துருச்சு, அதை வச்சு நாடு பூரா தனியாவே சுத்தலாம். சௌகரியந்தான். ஆனா காய்ச்சல்காரனைத் தூக்கிட்டுப் போற கூத்தெல்லாம் இவனுகளுக்குக் கெடைக்காது.

போட்டோ வந்துச்சு. ஜூலை மாசம், பச்சைக் காயா கொத்துக் கொத்தா இருந்துச்சு. அப்பாவுக்கு இப்ப எழுபத்தி நாலு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, போனை ரெண்டு விரலால பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தாரு. நான் மெதுவா முழுக் கதையையும் சொன்னேன். ஸ்டுட்கார்ட், டிரோலிங்கர், ஆத்தா கொடி, எல்லாம்.

"எலையைப் பாத்தாத் தெரியுது. நம்ம சாதிசனந்தான்"னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு போனை என்கிட்ட குடுத்துட்டுச் சொன்னாரு:

"ஏம்ப்பா, அன்னைக்கு நெசமாவே லைப்ரரியில இருந்திருந்தா அப்பவே படிச்சிருப்பீல்ல?"